உலகம் சுற்றிக்கொண்டே சம்பாதிப்பது: லெபோ பினாங் கிட்டங்கியிலிருந்து ஒரு பாடம்



இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு எடுத்துக்கொண்ட கேள்வி உங்களில் பலர் கேட்டதுதான். "வேலையும் பார்க்கணும், உலகத்தையும் சுத்திப் பார்க்கணும். ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியுமா?" படிவம் ஐந்து முடித்த தம்பியும் கேட்கிறார், பாயான் லெப்பாஸில் மூன்று வருஷம் வேலை பார்த்து அலுத்துப்போன அக்காவும் கேட்கிறார். நானும் பொறியியல் இறுதியாண்டில் இருப்பதால் எனக்கும் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

முடியும். இப்போதே நிறைய பேர் செய்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் லெபோ அர்மேனியன் பக்கம் ஒரு காப்பிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். விடுமுறைக்கு வந்தவர் மாதிரி தெரியும். ஆனால் அவர் வேலையில் இருக்கிறார். 'டிஜிட்டல் நோமட்' என்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை வரவழைக்க நம் நாடே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. எம்டெக் நிறுவனம் 2022இல் தொடங்கிய 'டிஇ ரந்தாவ்' திட்டம் அது. வெளிநாட்டவர் 3 மாதம் முதல் 12 மாதம் வரை இங்கே தங்கி வேலை செய்ய ஒரு பாஸ் கொடுக்கிறார்கள். இன்னும் 12 மாதம் புதுப்பிக்கலாம். தொழில்நுட்பத் துறையில் இருப்பவர் வருஷத்துக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதிப்பதாகக் காட்ட வேண்டும். பினாங்கும் இந்தத் திட்டத்தில் இருக்கிற இடம்தான்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'மெரந்தாவ்' என்றால் மலாயில் சொந்த ஊரை விட்டு வெளியூர் போய்ப் பிழைப்பது. சுமத்ராவின் மினாங்கபாவ் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. நம்மவர்களும் செய்தார்கள். அதுவும் அந்தக் காப்பிக் கடையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்.

கிட்டங்கியில் என்ன நடந்தது

லெபோ பினாங் என்று இன்று சொல்கிற பினாங் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்றால் நீளமான கடைவீடு. கீழே ஒரே கூடத்தில் வரிசையாகப் பல தொழில் விலாசங்கள். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு பாய், ஒரு சின்ன மரக் கைப்பெட்டி, பக்கத்தில் பேரேடு. அந்தப் பெட்டிதான் மேசை, அதுதான் ஆபீஸ். பகலில் அங்கேயே வியாபாரம், இரவில் அங்கேயே படுக்கை, சமையலுக்குப் பொதுவாக ஆள். இன்றைக்கு 'கோ-ஒர்க்கிங்', 'கோ-லிவிங்' என்று புதுப் பெயர் வைத்து மாத வாடகை வாங்குகிறார்களே, அதேதான். ஏசி மட்டும் இல்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் அந்தத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படும், தெரியும்தானே? 1894இல் கப்பலேறி இங்கே வந்த ரதம். நாம் தேங்காய் உடைக்கும் அவசரத்தில் தெருவின் கதையைக் கேட்பதில்லை.

அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் முதலாளிகள் இல்லை. முதலாளி காரைக்குடிப் பக்கம் ஊரிலேயே இருப்பார். இங்கே இருந்தவர் ஏஜெண்டு, அதாவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடிப் பையனுக்கு நம்மைவிட வயசு குறைவாகவே இருக்கும். அவன் கூட்டிப் பெருக்குவான், வசூலுக்கு அலைவான், கணக்கு எழுதக் கற்றுக்கொள்வான். இப்படியே பினாங்கு, கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன், கொழும்பு என்று பல ஊர் பார்த்தார்கள். சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை என்பது உண்மை. ஆனால் ஊர் விட்டு ஊர் போய்ச் சம்பாதிப்பதை ஒரு முழு ஏற்பாடாகச் செய்தவர்கள் அவர்கள்.

அந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது 'கணக்கு' என்கிற சொல். நகரத்தார் பேச்சில் கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டுமில்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற ஒரு தவணைக்கும் அதே பெயர். வழக்கமாக மூன்று வருஷம். புறப்படுவதற்கு முன்பே சம்பளச் சீட்டு எழுதுவார்கள். எந்த ஊர், எத்தனை வருஷம், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். மூன்று வருஷம் முடிந்ததும் வரவு செலவை முடித்து, அடுத்து வருபவரிடம் பேரேட்டை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். கொஞ்ச காலம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த கணக்குக்கு வேறு ஊர் போகலாம்.

அதாவது, போகும்போதே திரும்பும் தேதி தெரியும். போகிற ஊரில் தங்க இடம் தெரியும். காசு எப்போது, எவ்வளவு வரும் என்று தெரியும். போய் இறங்கியதும் நம்பிப் பேச மனிதர்களும் கோயிலும் இருந்தன. 1850களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் எழுந்த நாட்டுக்கோட்டை தண்டாயுதபாணி கோயில் கும்பிட மட்டும் கட்டியதில்லை, ஊர்க்காரர்கள் கூடிப் பேசித் தங்கள் காரியங்களைத் தீர்த்துக்கொள்ளவும் அதுதான் இடம்.

லேப்டாப்போடு போகிற நமக்கு இது எதுவும் தானாகக் கிடைக்காது. நாமே கட்டிக்கொள்ள வேண்டும். சமூக வலைத்தள வீடியோக்களில் கடற்கரையும் இளநீரும் காட்டுவார்கள். இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை.

6,000 என்பது எவ்வளவு?

முதலில் பணம். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம், பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

நீங்கள் வெப்சைட் அல்லது ஃபர்ம்வேர் எழுதுகிற ஃப்ரீலான்சர். ஒரு கிளையண்டிடமிருந்து மாதம் 6,000 ரிங்கிட் வருகிறது என்று வைப்போம். பாயான் லெப்பாஸில் புதுப் பட்டதாரிக்குக் கிடைப்பதைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும். ஆனால் ஃப்ரீலான்ஸில் வருஷம் முழுக்க வேலை இருக்காது. ஒரு புரொஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்க இடைவெளி விழும். வருஷத்தில் மூன்று மாதம் சும்மா இருக்கிறீர்கள் என்று கொள்வோம். 9 மாதம் × 6,000 = 54,000. வேலை பிடித்துக் கொடுக்கும் தளம் 10 விழுக்காடு எடுத்தால் 5,400 போய்விடும். மீதி 48,600. அதைப் 12ஆல் வகுத்தால் மாதம் 4,050.

இன்னும் முடியவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு முதலாளி தன் கையிலிருந்து இபிஎஃப் கட்டுகிறார். 5,000 ரிங்கிட் வரையுள்ள சம்பளத்துக்கு அது 13 விழுக்காடு. உங்களுக்கு அதைக் கட்ட யாருமில்லை. 4,050ஐ 1.13ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 3,584 வரும். ஆக, நீங்கள் '6,000 சம்பாதிக்கிறேன்' என்று சொல்வதும், ஒரு கம்பெனியில் 3,584 சம்பளத்துக்கு இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. சொக்சோ, மருத்துவக் காப்புறுதி, சம்பளத்தோடு வரும் விடுப்பு இதில் சேரவில்லை. விமான டிக்கெட்டும் விசாக் கட்டணமும் சேரவில்லை.

இதைச் சொல்வது 'போகாதீங்க' என்பதற்கு இல்லை. 3,584க்குச் சமம் என்று தெரிந்தே போகலாம். சியாங் மாயிலோ டா நாங்கிலோ அந்தப் பணத்தில் சிக்கனமாக வாழ முடியும். ஆனால் 6,000 என்று நினைத்துக்கொண்டு செலவு செய்தால் நான்காவது மாதமே அப்பாவுக்கு போன் போட வேண்டியிருக்கும்.

சொந்தமாகத் தொழில் செய்வோரும் இபிஎஃப் கட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐ-சாரான் திட்டத்தில் பதிந்தால், நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது, வருஷத்துக்கு 500 ரிங்கிட் வரை. அதாவது 2,500 போட்டால் 500. கடையில் இப்படி ஒரு கழிவு கொடுத்தால் வரிசையில் நிற்போம், இதை விட்டுவிடுகிறோம். சுயதொழில் செய்பவருக்கான சொக்சோ பாதுகாப்புக்கும் 2017ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பிடிபிடிஎன் கடன் உள்ளவர்களுக்கு ஒன்று: நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் தவணை வந்துகொண்டேதான் இருக்கும். அதை மாதச் செலவின் முதல் வரியில் எழுதுங்கள்.

கடப்பிதழில் என்ன முத்திரை?

நம் மலேசியக் கடப்பிதழ் நல்ல கடப்பிதழ். நிறைய நாடுகளுக்கு விசா இல்லாமல் போகலாம். அதனாலேயே ஒரு குழப்பம். விசா இல்லாமல் உள்ளே போவது சுற்றிப் பார்க்கத்தான், வேலை செய்ய இல்லை. 'நான் வேலை செய்வது வேறு நாட்டுக் கம்பெனிக்குத்தானே, ரூமுக்குள்ளே உட்கார்ந்துதானே செய்கிறேன்' என்று வாதம் செய்யலாம். குடிநுழைவு அதிகாரி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நாடுகள் தனி விசா கொண்டுவந்தன. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. நம் பக்கத்தில் தாய்லாந்து 2024 ஜூலையில் 'டிடிவி' என்ற விசாவைக் கொண்டுவந்தது. 5 வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள் இருக்கலாம். ஆனால் 500,000 பாட் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஜப்பான் 2024இல் 6 மாத விசா கொண்டுவந்தது. அதற்கு ஆண்டு வருமானம் 10 மில்லியன் யென் வேண்டும். இதெல்லாம் படிப்பு முடித்த கையோடு எட்டுகிற தொகை இல்லை. எல்லாவற்றிலும் அடிப்படை விதி ஒன்றுதான்: பணம் வெளியிலிருந்து வர வேண்டும், உள்ளூர் முதலாளியிடம் வேலை பார்க்கக் கூடாது. உள்ளூர்க்காரர் வேலையைத் தொடாதே, ஆனால் உன் காசை இங்கே செலவழி என்கிறார்கள். நம் டிஇ ரந்தாவும் அப்படித்தான்.

வயது உங்கள் பக்கம் இருக்கும்போது கிடைக்கிற இன்னொரு வழி, வேலையோடு கூடிய விடுமுறை விசா. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 18 முதல் 30 வயது வரையுள்ள மலேசியர்களுக்கு இதைத் தருகின்றன. பழத்தோட்டத்திலோ உணவகத்திலோ சட்டப்படி சம்பளம் வாங்கிக்கொண்டே ஊர் பார்க்கலாம். இடங்கள் அளவாகத்தான் இருக்கும். நிபந்தனைகளை அந்தந்த அரசாங்கத்தின் தளத்திலேயே படியுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சலிப்பான விஷயம்தான். "வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு மலேசியாவில் வரி இல்லை" என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. தனிநபரின் வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 வரை ஒரு விலக்கு இருக்கிறது, நிபந்தனைகளோடு. ஆனால் நீங்கள் ஆயர் ஈத்தாமில் உங்கள் அறையில் உட்கார்ந்து லண்டன் கிளையண்டுக்கு வேலை செய்தால், அது வெளிநாட்டு வருமானம் இல்லை. வேலை எங்கே நடந்ததோ அங்கேதான் சம்பாதித்ததாகக் கணக்கு. வருமான வரி வாரியத்தில் பாரம் பி நிரப்ப வேண்டும். இன்னொன்று, வரிக்கு நீங்கள் இங்கே வதிபவரா என்பது நீல நிற அடையாள அட்டையை வைத்து முடிவாவதில்லை. பொதுவாக வருஷத்தில் 182 நாள் நாட்டில் இருந்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இல்லையென்றால், இங்கே சம்பாதித்ததற்கு ஒரே அடியாக 30 விழுக்காடு வரி வரலாம். அதனால் நாட்டை விட்டுப் போன தேதி, வந்த தேதி இரண்டையும் குறித்து வையுங்கள். பேரேடு என்பது இதுதான்.

இலவச டிக்கெட்டோடு வருகிற வேலை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வேகமாகப் புரட்டாதீர்கள்.

"வெளிநாட்டு வேலை. கஸ்டமர் சர்வீஸ். ஆங்கிலமும் கணினியும் தெரிந்தால் போதும். டிக்கெட், தங்குமிடம் இலவசம். அனுபவம் தேவையில்லை." இப்படி ஒரு விளம்பரம் டெலிகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ உங்கள் கண்ணில் பட்டிருக்கும். பேங்காக்கில் இறக்குவார்கள். அங்கிருந்து காரில் மேசோட் பக்கம் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைத் தாண்டி மியன்மாரின் மியாவாடிக்குள் தள்ளிவிடுவார்கள். அல்லது கம்போடியாவின் சிஹானுக்வில். கடப்பிதழைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு நாள் முழுக்க உட்கார்ந்து இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி, விடுவிக்கப் பணம்.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இப்படிக் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டவர்கள் மியன்மாரில் குறைந்தது 120,000 பேர், கம்போடியாவில் சுமார் 100,000 பேர் இருக்கலாம் என்றது. மாட்டியவர்களில் படித்தவர்கள், பட்டதாரிகள், கணினி தெரிந்தவர்கள், இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்கள் நிறைய. மலேசியர்களும் உண்டு. 2022இலிருந்து நம் நாளிதழ்களில் இந்தச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசி, ஊர் சுற்றும் ஆசையும் உள்ள இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள் அவர்களுக்குத் தேவை. அந்த அடையாளம் யாருக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியடிப் பையனின் சம்பளச் சீட்டை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த விலாசம், முதலாளி யார், எந்த ஊர், எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம் எல்லாம் கப்பலேறும் முன்பே எழுத்தில் இருந்தது. முன்பணம் வீட்டுக்கு வந்தது. அவன் எந்தக் கூடத்தில் படுப்பான் என்று அம்மாவுக்குத் தெரியும். இந்த விளம்பர வேலைகளில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? கம்பெனியின் பதிவு எண் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் கேளுங்கள். வேலை விசா எடுத்துக் கொடுக்கிறார்களா, இல்லை 'முதல்ல டூரிஸ்டா வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்' என்கிறார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு வாசகம் காதில் விழுந்தால் போனை வைத்துவிடலாம். எந்த நாட்டுக்குப் போனாலும் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலார் தளத்தில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். ஐந்து நிமிஷ வேலை.

லேப்டாப் மட்டும்தான் வழியா?

இல்லை. உண்மையில் பினாங்கில் இருக்கும் நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது, யாரும் அதை 'உலகம் சுற்றுவது' என்று சொல்லாததால் கண்ணில் படுவதில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. ஐம்பது வருஷத்தில் நம் ஊரிலேயே பிறந்த விட்ரோக்ஸ், பென்டாமாஸ்டர் போன்ற நிறுவனங்கள் சோதனை இயந்திரங்களையும் தானியங்கிக் கருவிகளையும் செய்து வெளிநாடுகளுக்கு விற்கின்றன. விற்ற இயந்திரம் தானாக ஓடாது. யாராவது போய் நிறுவி, ஓட்டிக் காட்டி, பழுது வந்தால் சரிசெய்ய வேண்டும். அவர்தான் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இந்த வேலையில் இருக்கிறார். தைவான், சீனா, மெக்சிகோ என்று போய் வருகிறார். டிக்கெட், ஓட்டல், விசா எல்லாம் கம்பெனி பொறுப்பு. இபிஎஃப் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஊரைச் சுத்துறதா? பாதி நேரம் ஃபேக்டரிக்குள்ளதான்டா இருப்பேன். ஆனா ஞாயித்துக்கிழமை என்னுது," என்பார். இன்னொன்றும் சொன்னார்: முதல் இரண்டு வருஷம் இங்கேயே தரையில் உட்கார்ந்து இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்ற பிறகுதான் வெளியே அனுப்பினார்களாம். பெட்டியடிப் பையன் அடுத்தாளாகி, மேலாளாகிற அதே வரிசை.

கப்பல் வேலையும் இருக்கிறது. மெக்கானிக்கல் படிப்பவர்கள் கடல்சார் பொறியியலைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் கடலில், பிறகு மாதக்கணக்கில் வீட்டில். அதுவும் ஒரு கணக்குதான்.

எழுதியும் படமெடுத்தும் உலகம் சுற்றிய தமிழரும் இருக்கிறார். கோட்டையூரில் 1911இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார், ஏ.கே. செட்டியார் என்று பெயர் பெற்றவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படமெடுக்கும் தொழிலை முறையாகப் படித்தார். 1937இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. பிறகு நாடு நாடாக அலைந்து, பலர் பல வருஷம் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களில் 50,000 அடிக்குத் தேடிச் சேர்த்தார். படம் 1940இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 29 வயதுகூட ஆகியிருக்காது. பிறகு 'குமரி மலர்' நடத்தினார், பயண நூல்கள் எழுதினார். அவர் முதலில் தொழிலைக் கற்றார், பிறகு அது அவரை உலகம் சுற்ற வைத்தது. இன்று ஒரு கேமரா வாங்கியதும் சேனல் தொடங்கி, அடுத்த வாரமே டிக்கெட் போடுகிறவர்களிடம் எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான்.

போகிற ஊர் யாருடையது?

நகரத்தார் கதையில் பெருமையான பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. அவர்கள் செய்தது வட்டித் தொழில். பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை, கணக்கு அப்படிக் கொண்டுபோய் விட்டது என்று சொல்லலாம். நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த விளக்கம் எதற்கு? கோபம் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு ஓடினார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் போட்டது.

நம் அளவு சின்னது. ஒரு லேப்டாப், ஒரு வாடகை அறை. ஆனாலும் ஜார்ஜ்டவுனில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் எடுக்கப்பட்டது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. பழைய கடைவீடுகள் ஓட்டலாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. அங்கே தலைமுறையாக இருந்த பல குடும்பங்கள் பாயா தெருபோங்குக்கும் தீவுக்கு அப்பாலும் போய்விட்டன. வந்து உட்கார்ந்திருக்கிற அந்த வெளிநாட்டுக்காரரைப் பார்த்து நமக்கு எரிச்சல் வரும். சியாங் மாயில் நீங்கள் அறை எடுக்கும்போது அங்கே அந்த வெளிநாட்டுக்காரர் நீங்கள்தான். குறைந்தது ஐம்பது வார்த்தை தாய் மொழி கற்றுக்கொள்ளுங்கள், பக்கத்துக் கடையில் சாப்பிடுங்கள், கேட்ட வாடகையை 'ரொம்ப சீப்' என்று நெட்டில் பெருமையடிக்காதீர்கள். நகரத்தார் தொழிலில் மகமை என்று ஒரு வழக்கம் இருந்தது, தொழிலில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்குவது. அதை நீங்கள் இருக்கிற ஊரிலேயே செய்யலாம்.

வீடு

கிட்டங்கிக்கு வந்தவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பும்போது, பார்த்தே இராத குழந்தை வாசலில் நிற்கும். அந்தப் பெண்களின் கணக்கை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை.

இன்று தங்கைகளும் போக நினைக்கிறார்கள், போகத்தான் வேண்டும். "பையன்னா பரவாயில்ல, பொண்ணை எப்படித் தனியா அனுப்புறது" என்று வீட்டில் சொன்னால் சண்டை போட்டுப் பயனில்லை. அம்மா அப்பாவின் பயம் பெரும்பாலும் தகவல் இல்லாத பயம். எங்கே தங்குகிறேன், யாருக்கு வேலை செய்கிறேன், எத்தனை மாதம், என்றைக்குத் திரும்புகிறேன், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். பையன்களும்தான். அந்தத் தாளை உங்களால் நிரப்ப முடியவில்லை என்றால் பயணம் இன்னும் தயாராகவில்லை. நேர வித்தியாசத்தையும் அதில் எழுதுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் பினாங்கில் இரவு 9 அல்லது 10. அமெரிக்கக் கிளையண்டுக்கு வேலை செய்கிறவர் பல மாதம் இரவில்தான் விழித்திருப்பார். உங்கள் 'ஊர் சுற்றல்' பகல் தூக்கத்தில் போய்விடக் கூடாது.

முதல் பயணத்துக்கு என் யோசனை சின்னது. மூன்று வருஷம் வேண்டாம், மூன்று மாதம். மலேசியாவுக்குள்ளேயே. கூச்சிங்கிலோ கோத்தா கினபாலுவிலோ அறை எடுத்து, வைஃபையில் வேலை பார்த்து, உங்கள் சமையலை நீங்களே செய்து, மாதக் கடைசியில் வரவு செலவை முடித்துப் பாருங்கள். விசாத் தொல்லை இல்லை. தீபகற்பத்து ஆட்கள் சபாவிலும் சரவாக்கிலும் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டியிருக்கும் என்பதை மட்டும் மறக்காமல் முன்பே அங்குள்ள குடிநுழைவுத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொந்தரவும் வேண்டாம் என்றால் மலாக்கா இருக்கிறது, கோலாத் திரெங்கானு இருக்கிறது.

அடுத்த வட்டத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, மேலே போட்ட 6,000 கணக்கை உங்கள் சொந்தத் தொகையை வைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டாவது, வீட்டில் தாத்தா பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றி வந்த ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் வந்தவர்கள், அதில் ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். என்ன வேலைக்கு வந்தார்கள், எத்தனை வருஷத்தில் திரும்புவதாக நினைத்தார்கள், முதல் சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். பழைய கடப்பிதழ், டிக்கெட், கடிதம் ஏதாவது இருந்தால் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அசலைத் தூக்கி வர வேண்டாம்.